அரண்மனைக்குப் பின்னால் ஒரு காடு

நீள்மூக்குக் குரங்கைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போவதுதான் வழக்கம். கினாபத்தாங்கான் ஆற்றங்கரையில் ஓரிரு இரவு தங்கினால் குரங்கு, யானை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒராங்குட்டான் என்று எல்லாமே கிடைக்கும். அதே தீவின் வடகரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் புருனைக்குக் குரங்கு பார்க்கவென்றே கிளம்புகிறவர்கள் குறைவு. ஆனால் புருனையில் ஒரு விசேஷம் உண்டு. தலைநகரின் படகுத்துறையில் மாலை நான்கு மணிக்கு ஏறி, குரங்கைப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு மசூதி வாசலில் இறங்கி, இரவுச் சந்தையில் சாப்பிட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடலாம். காட்டுக்கும் நகரத்துக்கும் ஒரே ஆறு. இடையில் இருப்பது சுல்தானின் அரண்மனை மட்டும்தான்.

ஒரு நாள் சுற்றுலா என்று விற்கப்படும் அந்தத் திட்டத்தில்தான் நானும் சேர்ந்தேன். காலைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரச அணிகலன் அருங்காட்சியகம்: தேர், கிரீடம், உலகத் தலைவர்கள் கொடுத்த பரிசுகள், குளிர்சாதனம். கியாங்கே ஓடையோரத்துச் சந்தை: மூலிகை வேர்கள், காட்டுக் கீரைகள், பெயர் தெரியாத பழங்கள், பேரம் பேசாத ஜனங்கள். எதிர்ப்புறம் சிவப்பும் பொன்னுமாக ஒரு சீனக் கோயில். பிறகு வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிற ஊரில் நடுப்பகலில் யாரும் தெருவில் நடப்பதில்லை. பண்டார் செரி பெகவான் தலைநகரம்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வெறிச்சோடிக் கிடந்தது.

படகில் எங்களோடு இன்னொரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், செரியாவில் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் குரங்கு காட்டக் கூட்டி வந்திருந்தார். "இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த? குத்தாலத்துல இல்லாத கொரங்கா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "மூக்கப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் மகன்.

வழிகாட்டி முப்பதுகளில் இருந்த ஒரு மலாய்ப் பெண். படகோட்டியை 'பாக்சிக்' என்றுதான் கூப்பிட்டார். வயதில் மூத்த ஆணை அவர்கள் மரியாதையாக அப்படித்தான் விளிக்கிறார்கள். பெரியவர் பதிலுக்கு 'நாக்' என்றார். மகளே என்பது போல. பயணம் முழுக்க அந்தப் பெரியவர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. ஆனால் மரத்தில் ஒரு கிளை அசைந்தால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் கைதான் நீண்டது.

படகு ஆற்றின் மேற்புறம் திரும்பியதும் முதலில் வருவது கம்போங் ஆயர், அதாவது தண்ணீர்க் கிராமம். கட்டைக்கால்களில் நிற்கும் வீடுகள், பள்ளிக்கூடம், மசூதி, தண்ணீரிலேயே மிதக்கும் பெட்ரோல் பங்க். திட்டப்படி அதற்கு ஒதுக்கியிருந்தது திரும்பி வரும்போது இருபது நிமிடம். எனவே இப்போது வேகமாகக் கடந்துபோனோம். அடுத்து 2017-ல் திறந்த, ஒற்றைக் கோபுரத்தில் கம்பிகள் கட்டிய பாலம். அதைத் தாண்டியதும் இடக்கரையில் வெறும் பச்சை. வலக்கரையில் மரங்களுக்கு மேலே இரண்டு பொன் குவிமாடங்கள்.

அதுதான் இஸ்தானா நூருல் ஈமான். 1,788 அறைகள், 257 குளியலறைகள். பிலிப்பைன்ஸ் கட்டடக் கலைஞர் லியாண்ட்ரோ லோக்சின் வடிவமைத்து, நாடு முழு விடுதலை பெற்ற 1984-ல் கட்டி முடிக்கப்பட்டது. சுல்தான் ஹசனல் போல்கியா 1967 முதல் ஆட்சியில் இருக்கிறார். நோன்புப் பெருநாளை ஒட்டிய சில நாள்கள் மட்டும் அரண்மனைக் கதவு பொதுமக்களுக்குத் திறக்கும். வரிசையில் நின்றால் விருந்தும் உண்டு, சுல்தானோடு கைகுலுக்கலும் உண்டு. மற்ற நாள்களில் ஆற்றிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்கும் அதிகமாக ஒன்றுமில்லை. மரங்கள் மறைத்துக்கொள்கின்றன.

நான் வந்தது அந்த மரங்களுக்காகத்தான்.

தாமுவான் கிளையாற்றுப் பக்கம், அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி, ரங்கு என்றொரு சிறு தீவு இருக்கிறது. முழுக்க அலையாத்திக் காடு. எதிர்க்கரையில் நகரவாசிகள் மாலையில் ஓட வரும் பூங்கா. இந்தப் பக்கம் ஒருவர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறார். அந்தப் பக்கம் குரங்குகள் இலை தின்கின்றன.

பெரியவர் இயந்திரத்தை அணைத்தார். வற்றம் தொடங்கியிருந்தது. கரையோரச் சேறு ஒரு முழம் வெளியே தெரிந்தது. பொறியாளர், "நம்ம பிச்சாவரம் மாதிரிதான் சார்" என்றார். மரங்களின் குடும்பம் ஒன்றுதான். சுரபுன்னை வகையின் முட்டு வேர்கள் இங்கும் அதேபோல வளைந்து வளைந்து சேற்றில் இறங்குகின்றன. ஆனால் பிச்சாவரத்தில் குனிந்து போகும் உயரத்தில் கிளைகள் கவிந்திருக்கும். இங்கே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆண்டு முழுக்க மழையும் ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலும் கிடைத்தால் இந்த மரங்கள் இருபது முப்பது மீட்டர்கூட வளரும். அவற்றின் காலடியில் நிப்பா பனை. தண்டு சேற்றுக்குள்ளேயே படுத்திருக்க, ஓலை மட்டும் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும். பழைய வீடுகளுக்கெல்லாம் கூரை இந்த ஓலைதான் என்று வழிகாட்டி சொன்னார்.

சேற்றை உற்றுப் பார்க்கப் பார்க்க ஆள் நடமாட்டம் கூடியது. ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. ஆண் நண்டு பெண்ணை அழைக்கும் முறை அது. சேற்றில் தத்திப் போகும் மீன்கள் முன்துடுப்புகளை ஊன்றி வேர்மேல் ஏறி உட்கார்ந்தன. ஈரத் தோலின் வழியாகவும் மூச்சுவிடக்கூடிய மீன் அது. சேற்றிலிருந்து ஈட்டிபோல எழும்பி நின்றவை மரத்தின் சுவாச வேர்கள். கீழே சேற்றில் உயிர்வளி இல்லாததால் வேர் மூச்சுவிட மேலே வருகிறது. இவற்றைப் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுண்டு. ஒரே பார்வையில், ஒரே சேற்றில், மூச்சுக்காக மீன் ஒருவிதமாகவும் மரம் ஒருவிதமாகவும் பாடுபடுவதைப் பார்த்ததில்லை.

"அங்கே" என்று பெரியவரின் கை நீண்டது.

முதலில் தெரிந்தது வெள்ளை வால். பிறகு தொந்தி. பிறகு இலைகளை விலக்கிக்கொண்டு அந்த மூக்கு. பெரிய ஆண். இருபது கிலோ எடை இருக்கும். செங்கல் நிற முதுகு, சாம்பல் நிறக் கைகால்கள், உதட்டுக்குக் கீழே வரை தொங்கும் மூக்கு. இலையை வாய்க்குள் தள்ளுவதற்கு மூக்கே இடைஞ்சலாக இருந்தது போலிருந்தது. கொஞ்சம் தள்ளிப் பெண் குரங்குகள் நான்கைந்து. ஆணில் பாதி எடைதான் அவற்றுக்கு, மூக்கும் சிறியது, நுனி மட்டும் மேல்நோக்கிச் சுளித்திருக்கும். ஒன்றின் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி.

குற்றாலக் குரங்கை எண்ணி வந்த அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பெரிய மாமனார் மாதிரியே இருக்கு" என்றார். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தொந்தி சோம்பேறித்தனத்தின் அடையாளமில்லை. பல அறைகளாகப் பிரிந்த இரைப்பை. அதில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துத்தான் செரிக்கின்றன. தின்றதை மேலே கொண்டுவந்து மறுபடி மெல்லும் பழக்கத்தையும் இக்குரங்கிடம் ஜப்பானிய ஆய்வாளர் இக்கி மத்சுதாவின் குழு கண்டறிந்து 2011-ல் வெளியிட்டது. பசு செய்யும் வேலையைக் குரங்கு செய்வதாக அதற்கு முன் யாரும் பதிவு செய்ததில்லை. இனிப்பு மிகுந்த கனிந்த பழம் இந்த வயிற்றுக்கு ஆகாது. வேகமாக நொதித்து வயிறு உப்பிவிடும். எனவே வாழைப்பழத்தைக் காட்டிக் கூப்பிடுகிற வேலை இங்கே நடக்காது. மூக்கைப் பற்றியும் 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. மூக்கு பெரிதாக இருக்கும் ஆணுக்கு உடலும் பெரிது, அதைச் சுற்றியிருக்கும் பெண்களின் எண்ணிக்கையும் அதிகம். ஆக, அந்த இடைஞ்சலுக்கு ஒரு பலன் இருக்கிறது.

மாலையில் இவை ஆற்றோர மரங்களுக்கு வந்து இரவைக் கழிக்கும். அதனால்தான் படகுகள் நான்கு மணிக்குப் புறப்படுகின்றன. விரல்களுக்கிடையே பாதிச் சவ்வு இருப்பதால் நன்றாக நீந்தும். ஆற்றில் உவர்நீர் முதலை உண்டு என்பதால் அடிக்கடி நீந்துவதில்லை. எங்கள் கண்முன் ஒன்று கிளையிலிருந்து கிளைக்கு எடை பார்க்காமல் பாய்ந்தது. கிளை முறிந்த சத்தம், இலைகளைப் பிய்த்துக்கொண்டு விழுந்த சத்தம், கடைசி நொடியில் எதையோ பிடித்துக்கொண்ட சத்தம். ஆண் மூக்கால் ஒரு உறுமல் கொடுத்தது. மேலே செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தக் குரங்கு போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தீவின் மற்ற பகுதிகளில் அதன் காட்டை எண்ணெய்ப் பனைத் தோட்டமும் இறால் பண்ணையும் தின்றன. ஒரு தலைநகரத்துக்கு நடுவில் அது எப்படிப் பிழைத்தது?

பொறியாளர் சொன்ன பதில் நேரானது. "இவங்களுக்கு மரம் வெட்டித்தான் சோறுங்கிற நிலைமை இல்ல சார்." 1929-ல் செரியாவில் எண்ணெய் கிடைத்தது. பிறகு கடலடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும். வெட்டிய மரத்தைக் கப்பலில் ஏற்றி விற்க வேண்டிய தேவை நாட்டுக்கு வரவில்லை. நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் காடு. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெய் பூமிக்கு மேலிருந்த மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. உலகம் முழுக்கச் சூடேறுவதற்குக் காரணமான பொருள் இந்த ஒரு தீவுக் காட்டுக்கு வேலியாக இருந்திருக்கிறது. இதைப் பாராட்டுவதா என்று தெரியவில்லை, மறுக்கவும் முடியாது.

திரும்பும்போது தண்ணீர்க் கிராமத்தில் இறங்கினோம். இருபது நிமிடம் என்ற கணக்கை வழிகாட்டியே மீறினார். காரணம் கேட்டபோதுதான், தான் பிறந்தது இங்கேதான் என்றார்.

பழைய ஊர் இது. 1521 ஜூலையில், கடலோடி மெகல்லன் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்ட பிறகு எஞ்சிய கப்பல்கள் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்தன. கப்பலில் இருந்த இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா எழுதிவைத்திருக்கிறார்: அரசர் வீட்டையும் சில பிரபுக்கள் வீட்டையும் தவிர ஊர் முழுவதும் உப்புத் தண்ணீருக்குள், உயர்ந்த மரத்தூண்கள்மேல் இருக்கிறது, 25,000 அடுப்புகள் எரிகின்றன, நீர் ஏறும் வேளையில் பெண்கள் படகுகளில் வந்து உணவுப்பண்டம் விற்கிறார்கள். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். பார்த்த காட்சி பொய்யல்ல. படகில் சரக்கு விற்ற அந்தப் பெண்களுக்குப் பாடியான் என்று பெயர். குடை அளவுக்கு அகலமான ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வாசல் துடுப்புப் போட்டு வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். வழிகாட்டியின் பாட்டி அப்படி ஒருவர். இப்போது அந்தத் தொழில் இல்லை. தொப்பிகள் கிராமத்தின் கண்காட்சிக் கூடத்தில் இருக்கின்றன.

பலகைப் பாதையில் நடந்தோம். சில இடங்களில் புதிய பலகை. சில இடங்களில் கால் வைக்குமுன் யோசிக்க வேண்டிய இடைவெளி. நிபோங் பனையும் இரும்புமரமும் தாங்கிய பழைய வீடுகளுக்குப் பக்கத்தில், அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் தூண் வீடுகள் வரிசையாக. ஒரு வாசலில் பூந்தொட்டிகளும் தூங்கும் பூனையும். அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கடுத்ததில் தூண்கள் மட்டும் தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஊரை நிலத்துக்கு ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வந்தது. 1906-ல் முதல் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக, வந்த மெக்ஆர்தர் காலத்திலேயே ஆரம்பித்தது. ஜனங்கள் சட்டென்று அசையவில்லை. எண்ணெய்ப் பணம் வந்த பிறகு அரசு நிலத்தில் வீட்டுமனை கொடுத்தது, சாலை போட்டது, கார் வாங்கக் கடன் கிடைத்தது. கார் வந்தால் அதை நிறுத்த இடம் வேண்டும். தண்ணீரில் எங்கே நிறுத்துவது? இளையவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அந்தப் புதுப் பாலம் வந்தபின் ஆறு கடக்கப் படகு தேடுவோரும் குறைந்தார்கள். எங்கள் பெரியவர் அதைச் சொன்னபோது குரலில் வருத்தம் எதுவும் இல்லை. "நானும் மகன் காரில்தான் போகிறேன்" என்று முடித்தார். அன்று அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். வழிகாட்டியும் இப்போது கரையில்தான் வாழ்கிறார். கூட்டிப்போன வீட்டில் அவருடைய சித்தி இருந்தார். தேநீரும் தேங்காய்ப் பணியாரமும் வந்தன. தரைப்பலகை இடுக்கில் கீழே தண்ணீர் மின்னியது.

குரங்கின் வீட்டைக் காப்பாற்றிய அதே பணம்தான் இந்த வீடுகளைக் காலி செய்திருக்கிறது. ஒரே ஆற்றில், ஒரே மாலையில், இரண்டையும் பார்த்துவிடலாம். சுற்றுலாத் துண்டறிக்கையில் இந்த இணைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. குரங்குக்கு முழுப்பக்கப் படம், கிராமத்துக்கு மூலையில் ஒரு சதுரம்.

ஆறரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். அந்திப்பொழுது என்று நாம் நினைப்பது அந்த அட்சரேகையில் சில நிமிடங்கள்தான். படகு மசூதிக்கு நேரே வந்தபோது பாங்கு ஒலித்தது. பெரியவர் வேகத்தைக் குறைத்தார்.

உமர் அலி சைஃபுத்தீன் மசூதியைக் கட்டியது இன்றைய சுல்தானின் தந்தை. அவரே கவிஞர். தலைநகரின் இன்றைய பெயரும் அவருக்கு அரியணை துறந்தபின் வந்த பட்டத்திலிருந்து 1970-ல் வைக்கப்பட்டதுதான். 1958-ல் முடிந்த கட்டடம். 52 மீட்டர் உயரத்தில் பொன் குவிமாடம். வடிவமைப்பில் முக்கியப் பங்கு ருடால்ஃபோ நொல்லி என்ற இத்தாலியருக்கு. சிங்கப்பூரின் பழைய உச்சநீதிமன்ற முகப்புச் சிற்பங்களும் அவர் செய்தவை. மசூதியின் மூன்று புறமும் செயற்கைக் குளம். அதில் 16-ஆம் நூற்றாண்டு அரச மரக்கலத்தின் மாதிரி ஒன்று கல்லில் நிற்கிறது. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் பிற மதத்தவரும் உள்ளே போகலாம். வாசலில் அங்கி தருவார்கள். நாங்கள் வெளியே குளக்கரையில் நின்றோம். விளக்குகள் எரிந்ததும் வெள்ளைச் சுவர் இளம்பச்சையாகி, தண்ணீரில் தலைகீழாக இன்னொரு மசூதி தெரிந்தது. எல்லோரும் எடுக்கும் படத்தை நானும் எடுத்தேன். மசூதியை ஒட்டிய ஆற்றோரத்திலும் ஒரு காலத்தில் தண்ணீர் வீடுகள் இருந்தன. அவற்றை அகற்றிய இடத்தில் இப்போது சுல்தானின் அரியணைப் பொன்விழாப் பூங்கா. புல்வெளி அழகாகத்தான் இருக்கிறது.

கடைசி நிறுத்தம் காடோங் இரவுச் சந்தை. பகலில் காணாமல்போன ஜனமெல்லாம் இங்கேதான் இருந்தது. கூரை போட்ட நீண்ட கொட்டகைகள், கரியடுப்புப் புகை, வாழையிலையில் சுட்ட மீன், சாத்தே குச்சிகள், கரும்புச் சாறு, மூலையில் டுரியான் மலை. எது எடுத்தாலும் ஒரு டாலர், இரண்டு டாலர். புருனை டாலரும் சிங்கப்பூர் டாலரும் சம மதிப்பு, இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். 1991 முதல் நாட்டில் மது விற்பனை கிடையாது. எனவே இரவுக் கொண்டாட்டம் என்பது இங்கே முழுக்க முழுக்கச் சாப்பாடுதான். குடும்பம் குடும்பமாக வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

அம்புயாத் என்கிற சாகோக் கூழை மட்டும் பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்வது. இது அசல் சாகோ, ஒருவகைப் பனையின் தண்டைச் சீவிப் பிழிந்தெடுத்த மாவு. கொதிநீர் ஊற்றிக் கிளறினால் கண்ணாடிபோல இழுபடும் கூழாகிறது. இரட்டைப் பல் மூங்கில் குச்சியில் சுற்றி, புளிப்பும் காரமும் சேர்ந்த சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கூழுக்குச் சுவை கிடையாது. வேலையெல்லாம் சாறுதான் செய்கிறது. காட்டு மாங்காய்ச் சாறு எனக்குப் பிடித்தது. ஊறவைத்த டுரியான் சாற்றுக்கு என் சிபாரிசு இல்லை. அம்மா மூன்றாவது சுற்றுக்கும் குச்சியை நீட்டினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து ராயல் புருனை நிறுவனம் 2024 நவம்பரில் நேரடி விமானம் விட்டது. இப்போது ஓடுகிறதா என்று முன்பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், விசாவையும் முதலிலேயே எடுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை கடைகளெல்லாம் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் எதையும் சாப்பிடக் கூடாது. படகு பேசும்போது குரங்குக்கு ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு, மீதி நேரத்தைத் தண்ணீர்க் கிராமத்துக்குக் கேளுங்கள். குரங்குக் காட்டுக்கு எண்ணெய்ப் பணத்தின் காவல் இருக்கிறது. அந்தப் பலகைப் பாதைகளுக்கு நடக்க ஆள் வேண்டும்.